மூன்று முறை கூப்பிட்டேன்

மூங்கில்துறைப்பட்டு
20.11.2024

அன்புத் தம்பி அந்தோணிதாஸுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், என் இடது முட்டியைத் தவிர. போன் பண்ணியிருக்கலாமே என்று உன் மனைவி செலினா கேட்பாள். உங்கள் மலையில் டவர் கிடைத்தால் அது அதிசயம். கிடைத்தாலும் நீயும் நானும் இரண்டாவது நிமிஷம் சண்டை போட்டு வைத்துவிடுவோம். கடிதம் என்றால் ஒரு சண்டை முடிய ஒரு வாரமாவது ஆகும். நீ கடலூர் ஜெயிலில் இருந்த நாலு வருஷமும் மாதம் தவறாமல் உனக்கு எழுதிப் பழகிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உன் நோட்டுகள் ஐந்தும் வந்தன. கூட வந்த தேன் பாட்டிலை என் மருமகள் அனிட்டா அன்றே பாதியாக்கிவிட்டாள். அவளுடைய லேப்டாப்பில்தான் உன் சுயசரிதையை அடித்துக்கொண்டிருக்கிறேன். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் அடுத்தவர் மனுக்களை டைப் அடித்தவள் நான். மனு எழுதுகிறவன் யாரும் தன்னைக் கெட்டவன் என்று எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நீ எழுதியிருப்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமில்லை.

நன்றாக எழுதியிருக்கிறாய், தம்பி. முகத்துக்கு நேரே சொன்னால் உனக்குத் தலை கனத்துவிடும் என்பதால் இங்கே சொல்கிறேன். ஜெயிலுக்குப் போன முதல் நாள் அரைஞாண் கயிற்றை அறுத்து வாங்கிக்கொண்டார்கள், இடுப்பில் ஒன்றும் இல்லாமல் நடக்கத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அங்கே நான் அடிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஜெயில் தோட்டத்தில் நீ போட்ட கத்தரி காய்த்ததும், அதை நீங்களே குழம்பு வைத்ததும் படித்துச் சிரித்தேன். கம்பிக்குள்ளே இருந்தபோதும் என் தம்பி சந்தோஷமாக இருந்த நாள் உண்டு என்று தெரிந்துகொள்ள இத்தனை வருஷம் ஆயிற்று.

இரண்டு சந்தேகம் மட்டும். முதலாவது சின்னது. செலினாவின் ஆபரேஷனுக்காகத்தான் கரும்பைச் சீக்கிரம் வெட்ட வேண்டியிருந்தது என்கிறாய். அவளுக்குப் பித்தப்பை எடுத்தது 2011 ஆகஸ்டில். நீ கரும்பைக் கொளுத்தியது அதற்கு ஏழு மாதம் முன்னால், ஜனவரியில். ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்தவள் நான், எனக்குத் தெரியாதா?

இரண்டாவது கொஞ்சம் பெரியது. மூன்றாம் அத்தியாயத்தில் நம்மூர் வனத்து அந்தோணியார் திருவிழா வருகிறது, ஜனவரி 17. தேருக்கு முன்னால் பாடிப் பாடி, “தொண்டை கட்டிப்போய் மூன்று நாள் சைகையில்தான் பேசினேன்” என்று எழுதியிருக்கிறாய். சரி. ஐந்தாம் அத்தியாயம் 19ஆம் தேதி மாலை நாலரை மணி. அதை அப்படியே கீழே எடுத்து எழுதுகிறேன்.

“சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவு வரிசைப்படிதான் வரும். ஆனால் எரிந்த கரும்புக்கு வரிசை கிடையாது. நின்றால் எடை விழுந்துவிடும் என்று உடனே வெட்டச் சொல்லிவிடுவார்கள். அதற்காகவே எங்கள் பக்கத்தில் சிலர் சொந்தக் கரும்பைக் கொளுத்துவதுண்டு. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. கொளுத்துகிறவன் நாலு வரப்பும் சுற்றிவந்து, உள்ளே யாரு என்று சத்தமாகக் கூப்பிட வேண்டும். புல் அறுக்கிறவர், ஆடு தேடுகிறவர் யாராவது உள்ளே இருப்பார்கள். நான் மூன்று முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. பிறகுதான் தீக்குச்சியைக் கிழித்தேன். மாட்டுக்குக் கரும்பின் கொழுந்தாடை அறுக்க வந்த சின்னராசு உள்ளே குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?”

தம்பி, 17ஆம் தேதி போன குரல் 20ஆம் தேதிதானே திரும்பி வந்திருக்க வேண்டும்? இரண்டில் எதை நான் அடிக்கட்டும்? யோசித்து எழுது.

அன்புடன்,
அக்கா உபகாரமேரி

●

வெள்ளிமலை
29.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் செலினாதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு, “என் பித்தப்பைய ஏன்யா ஜெயிலுக்கு இஸ்துக்கினு போற?” என்று கேட்டுச் சிரித்த சிரிப்பில் கொய்யா மரத்தில் இருந்த குரங்குகள் ஓடிவிட்டன. தோற்றேன். ஆபரேஷனை எடுத்துவிடு. உண்மையைச் சொல்கிறேன்: ராஜாங்கத்தின் கரும்புக்கு எனக்கு முன்னால் உத்தரவு வந்துவிட்டது. பக்கத்து வயலில் அவர் ஆள் விட்டு வெட்டத் தயாராகிறார், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வயிற்றெரிச்சல். அதை எழுத வெட்கமாக இருந்தது. கடைசியில் என் நெருப்பு அவருடைய இரண்டு ஏக்கரையும் சேர்த்துத் தின்றதுதான் மிச்சம்.

இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். மரவள்ளி பிடுங்க இன்னும் நாள் இருக்கிறது. சாமை அறுத்தாயிற்று, உனக்கு ஐந்து படி எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் பனி இறங்கிக் கிடக்கும்போது காப்பியும் கையுமாக வாசலில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனம் வருவதில்லை. நம் வயலை விற்றுவிட்டு இங்கே குத்தகைக்கு வந்தது நல்லதுதான் என்று செலினாவும் இப்போது ஒப்புக்கொள்கிறாள்.

உன் இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். குரல் கட்டியிருந்தது உண்மைதான். ஆனால் அன்றைக்குக் கட்டைக் குரலாவது வந்திருக்க வேண்டும். நான் கூப்பிட்டேன் அக்கா. ஜெயிலில் எங்கள் பிளாக்குக்குப் புதிதாக யார் வந்தாலும், “அந்தோணி, ஒன் கேஸச் சொல்லு” என்பார்கள். நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். நாலு வரப்பு, மூன்று கூப்பாடு, பதில் இல்லை, தீக்குச்சி. ஒரு தடவைகூட மாறியதில்லை. பொய்யாக இருந்தால் எங்கேயாவது மாறியிருக்காதா? இன்றைக்கும் கண்ணை மூடினால் என் குரல் எனக்குக் கேட்கிறது. ஒன்று செய், மூன்றாம் அத்தியாயத்தில் அந்தத் தொண்டை கட்டிய வரியை எடுத்துவிடு. கதைக்கு அது தேவையில்லை.

கடைசி அத்தியாயம், ஆறாவது நோட்டு, இத்துடன் வருகிறது. விழுப்புரத்துப் பதிப்பாளர் இளஞ்செழியனிடம் போனில் அதைச் சொன்னேன். “இதாங்க புத்தகத்தோட உயிரு” என்றார். நான் விடுதலையாகி வந்து, கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் சின்னராசுவின் டீக்கடைக்குப் போன இடம். அவன் என்னைப் பார்த்து, “தப்பு என்னுதுதாண்ணே, நீங்க கூப்ட்டும் நா எழல” என்கிறான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். எழுதும்போதும் அழுதேன்.

தலைப்பும் முடிவாகிவிட்டது: ‘நெருப்பில் நின்றவன்’. பொங்கலுக்குள் அடித்துக் கொடுத்துவிடு. முட்டிக்கு நல்லெண்ணெய் தடவு.

உன் தம்பி
அந்தோணிதாஸ்

●

மூங்கில்துறைப்பட்டு
8.12.2024

தம்பிக்கு,

சாமை வந்தது. நன்றி. ஆறாவது நோட்டையும் படித்தேன். அதை நான் அடிக்கப் போவதில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. இரண்டு நாள் பொறுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கச்சிராயபாளையம் போனேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சின்னராசு கடையில் டீ குடித்தேன். அவர் டீ ஆற்றுவதில்லை, அவருடைய மனைவி ரங்கம்மாள்தான் ஆற்றுகிறாள். அன்றைய தீயில் வெந்து மடங்காமல் போன விரல்களால் அவர் டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்துக் கொண்டுவந்து வைக்கிறார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

பெஞ்சில் இருந்த ஒருவன், ரங்கம்மாள் சர்க்கரை போட மறந்ததற்கு, “இன்னா ரங்கம்மா, வூட்டுக்காரரு மாதிரியே நீயும் தூங்குறியா? மூணு தபா கூப்டணுமா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சின்னராசுவும் சிரித்தார். பழகிப்போன சிரிப்பு அது. ரங்கம்மாள் சிரிக்கவில்லை. அவள் என்னிடம் சொன்னாள்: “அதுல இருந்து ஒரு சொட்டு தொடலக்கா. ஆனா எங்க கரும்பு கொளுத்துறாங்கன்னு கேட்டாலும் கடையப் போட்டுட்டு ஓடுறாரு. நாலு பக்கமும் சுத்தி, தொண்ட கிழியக் கூப்புடுறாரு. யாராச்சும் என்ன மாதிரி தூங்கிக்கினு இருப்பாங்கன்றாரு.”

பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

யோசித்துப் பார். கை வெந்தவர் அவர். அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், நீ பெரிய மனது பண்ணி அழுகிறாய். அதை ஒரு அத்தியாயமாக எழுதி, புத்தகத்தின் உயிர் என்று வேறு பேர் வைத்திருக்கிறீர்கள். இதுவரை ஊர் வாயில் இருந்தது இனி அச்சில் இருக்கும். அவர் பேரன் பேத்தி படிப்பார்கள். தலைப்பும் சரியில்லை. நெருப்பில் நின்றது சின்னராசு. நீ வரப்பில் நின்றாய்.

நீ கூப்பிடவில்லை, அந்தோணி. உன்னால் முடியாது. இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். 2011 ஜனவரி 19ஆம் தேதி காலண்டரில் கிழித்தது. பின்பக்கம் உன் கையெழுத்து. திருவிழாவுக்கு வந்த நான் உனக்குச் சுக்கும் மிளகும் போட்டுக் கஷாயம் கொண்டுவந்து நீட்டினேன். நீ வாயைத் திறந்தாய், வெறும் காற்றுதான் வந்தது. இந்தத் தாளில் எழுதிக் காட்டினாய்: “கஷாயம் வேணாம். காப்பி.” அப்போது மணி நாலு. காப்பியைக் குடித்துவிட்டு, அடுப்படியில் இருந்த தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனாய்.

என் பைபிளுக்குள் இருந்தது இது.

அக்கா

●

வெள்ளிமலை
16.12.2024

அக்காவுக்கு,

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பதினாலு வருஷம் இதை பைபிளுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். நல்லது. 2012 மார்ச்சில், கள்ளக்குறிச்சி கோர்ட்டில், கடவுள் பேரால் உண்மையே சொல்வேன் என்று கூண்டில் ஏறி நின்றது யார்? நானா? நான் எதிர்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

“எந்தம்பி நாலு பக்கமும் போயி மூணு தபா கூப்ட்டுச்சுங்க. நா அடுப்படில இருந்தேன். என் காதால கேட்டேன்.”

அதுவரை நான் கூப்பிட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. போலீஸிடம் சொல்லவில்லை. வக்கீலிடமும் சொல்லவில்லை. “தெரியாம நடந்துபோச்சு” என்று மட்டும்தான் சொன்னேன். மூன்று என்ற கணக்கு உன்னுடையது, அக்கா. நீ சொன்ன அந்த நிமிஷத்தில் எனக்கு என் குரல் கேட்டது. ஓ, கூப்பிட்டிருக்கிறேன் போல, அக்காவே கேட்டிருக்கிறாளே என்று இருந்தது. நீ பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் மாங்காய் திருடினால்கூட நீ ஒப்புக்கொண்டு அப்பாவிடம் அடி வாங்குவாய், நான்தான் ஓடிவிடுவேன். நீ சொன்னால் அது நடந்ததுதான். அப்படித்தான் நம்பினேன். அப்படித்தான் நாலு வருஷம் சொன்னேன். தூங்க முடிந்தது.

இப்போது டீக்கடையில் உட்கார்ந்து சின்னராசுவுக்காகப் பரிதாபப்பட்டு எனக்குப் பாடம் எடுக்கிறாய். அவன் பேர் கெட்டது யார் சாட்சியால்? என்னுடைய கதையில் ஓட்டை கண்டுபிடித்தவள், உன்னுடைய பங்கைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இரண்டு கடிதத்திலும் தேடிவிட்டேன். இல்லை.

நோட்டுகளைத் திருப்பி அனுப்பு. இளஞ்செழியனே ஆள் வைத்து அடித்துக்கொள்வார்.

அந்தோணிதாஸ்

●

மூங்கில்துறைப்பட்டு
24.12.2024

அன்புத் தம்பிக்கு,

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் நான் மிகவும் நல்லவளாக வந்துகொண்டே இருந்தேன்.

நான் பொய்தான் சொன்னேன். வக்கீல் சொல்லித் தரவில்லை, யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. கூண்டில் ஏறும்போது, தம்பி நல்லவன், வேண்டுமென்று செய்திருக்க மாட்டான் என்று சொல்லத்தான் போனேன். எதிரே நீ நின்றாய். ஒரு வருஷத்தில் பாதியாக இளைத்திருந்தாய். சட்டை உன் மேல் மாட்டி வைத்த மாதிரி இருந்தது. வாயில் அது வந்துவிட்டது. இரண்டு என்றால் குறைவாகவும் நாலு என்றால் நம்ப முடியாததாகவும் இருக்கும் என்று மூன்று என்றேன். இதைக்கூட அந்த நேரத்தில் யோசித்திருக்கிறேன் பார். தீர்ப்பில் அதைக் காரணம் காட்டித் தண்டனையைக் குறைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பெருமைதான்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் சின்னராசு என்னைப் பார்த்தார். மடங்காத கையால் கும்பிட்டார். “நீங்க சொன்னப்புறந்தாங்க எனுக்கே தெரிஞ்சிது. எனுக்கு எந்தச் சத்தமும் கேக்கலன்னு அன்னிக்குக் கோர்ட்ல சொல்லிட்டேன். நாந்தான் எழல போல. ஒங்க மேல கோவமில்லீங்க” என்றார். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். பஸ் வந்துவிட்டதே, என்ன செய்வது என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது டவுன் பஸ், தம்பி. அரைமணிக்கு ஒன்று வரும்.

காலண்டர் தாளைக் கிழித்துப் போடவும் மனம் வரவில்லை, வெளியே எடுக்கவும் தைரியம் வரவில்லை. வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். மருமகளைத் திட்டினேன், பக்கத்து வீட்டுக்காரியின் புடவையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று சில்லறைப் பாவங்களாகச் சொல்லிவிட்டு வருவேன். நேற்று போய் இதைச் சொன்னேன். சாமியார், இதை என்னிடம் சொன்னது சரி, கேட்க வேண்டியவர் வேறு ஒருவர் இருக்கிறாரே என்றார்.

உன் நோட்டில் பிழை தேடும்போது என்னுடையதை மறைத்தேன். நீ திருந்தினால் என்னுடையது தானாகக் கரைந்துவிடும் என்று எங்கேயோ ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. நீ எழுதிய பிறகுதான் தெரிகிறது.

நோட்டுகளை அனிட்டா நாளை மறுநாள் பார்சல் போடுவாள். அதோடு அதிரசம் வருகிறது, செலினாவுக்குப் பிடித்தது. புத்தகத்தை நீ விரும்புகிறபடி போட்டுக்கொள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். என் மேல் கோபமாக இருந்தாலும் அதிரசத்தைச் சாப்பிடு.

அக்கா

●

வெள்ளிமலை
7.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அதிரசம் இரண்டு நாளில் தீர்ந்தது. கோபமும் ஏறத்தாழ அவ்வளவு நாள்தான் தாங்கியது.

பார்சலைப் பிரித்து ஐந்தாம் அத்தியாயம் இருந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். செலினா பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். “நெஜமா இன்னா நடந்துச்சுன்னு எங்கிட்டயாச்சும் சொல்லேன்” என்றாள். சொல்லத் தொடங்கினேன். வழக்கம்போல நாலு வரப்பு என்று ஆரம்பித்தேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அது இதுதான். காப்பி குடித்துவிட்டுப் போனேன். கிழக்கு வரப்பில் நின்று வாயைத் திறந்தேன். நீ சொன்ன மாதிரி காற்றுதான் வந்தது. ஒரு முறை. அவ்வளவுதான். தகரத்தைத் தட்டியிருக்கலாம். உன்னை அழைத்துவந்து கூப்பிடச் சொல்லியிருக்கலாம். மறுநாள் கொளுத்தியிருக்கலாம், யாரும் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். நாலு வரப்பும் நான் சுற்றவே இல்லை. யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அதுகூடச் சரியில்லை. இருப்பார்களா என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. ராஜாங்கத்தின் வயலைப் பார்த்துக்கொண்டே குச்சியைக் கிழித்தேன்.

செலினா மொச்சைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நாளைக்கு மொதோ பஸ்ஸுக்குக் கெளம்பலாம்” என்றாள்.

போனோம். சின்னராசு என்னைப் பார்த்ததும், “வாங்கண்ணே, புக்கு வந்துச்சா?” என்று கேட்டார். ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், புத்தகத்தில் தன் பேர் வருகிறது என்று. பெஞ்சில் ஆள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நினைத்தேன். உன் பஸ் நினைவு வந்தது. ஆள் இருக்கும்போதே சொன்னேன்.

“சின்னராசு, அன்னிக்கு நான் கூப்புடல. ஒரு தபா கூட. எனக்குத் தொண்ட கட்டியிருந்துச்சு. சும்மாவே கொளுத்திட்டேன்.”

அவர் மிகவும் மெதுவாகக் கேட்டார்: “அப்போ நா தூங்கல?”

அவர் தூங்கினார் என்று எல்லாரும் சொன்னதே அந்தக் கூப்பாட்டை வைத்துத்தான் என்றேன். அவர் சொன்னார்: “கொழுந்தாடய அறுத்து முடிச்சி கட்டு கட்டிக்கினு இருந்தேண்ணே. கவுறு கைல இருந்துச்சு. எனுக்கு நல்லா ஞாபகம். ஆனா அத்தினி பேரும் சொல்லச் சொல்ல, கொஞ்சம் குடிச்சிருந்தமே, கட்டு கட்டுற மாதிரி கனாக் கண்டுட்டேன் போலன்னு நெனச்சிக்கினேன்.” பிறகு உள்ளே பார்த்து, “ரங்கம்மா, இங்க வா. அண்ணே, இவகிட்ட இன்னொரு தபா சொல்லுங்க” என்றார்.

இன்னொரு தடவை சொன்னேன். அது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. ரங்கம்மாள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவும் செய்தாள், நன்றாகவே திட்டினாள். அது எனக்கு வர வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் அவர் பக்கம் திரும்பி, “எத்தினி பேச்சுப் பேசியிருப்பேன் ஒன்ன. கூப்ட்டது கூட காதுல வுழல, அவ்ளோ குடின்னு. நீ ஒரு வார்த்த திருப்பிச் சொல்லலியே” என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஏன் நின்றார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

கிளம்பும்போது ரங்கம்மாளே டீ கொண்டுவந்து வைத்தாள். பார்க்காமல்தான் வைத்தாள். ஆனாலும் வைத்தாள். புத்தகத்தில் இதைப் போடலாமா என்று சின்னராசுவிடம் கேட்டேன். “இதான் போடணும். நா முழிச்சிக்கினு இருந்தேன்னு போடுங்க. கவுறு கைல இருந்துச்சுன்னும் போடுங்க” என்றார்.

உன் பேரை நான் எடுக்கவில்லை. மூன்று முறை என்பது எங்கிருந்து வந்தது என்று ரங்கம்மாள் கேட்டாள். வக்கீல் சொல்லித் தந்தது என்றேன். அது ஒரு பொய்தான், ஆனால் அது உனக்காக. நீ எனக்குச் செய்ததற்கு நான் இதையாவது செய்ய வேண்டாமா?

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு செலினா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பசித்தது. நன்றாகப் பசித்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒரு பசி.

புதுத் தலைப்பு: ‘வரப்பில் நின்றவன்’. உன்னுடையதைத்தான் திருடிவிட்டேன். ஐந்தாம், கடைசி அத்தியாயங்களைத் திரும்ப எழுதி அனுப்புகிறேன். அடித்துத் தருவாயா?

உன் தம்பி
அந்தோணிதாஸ்

●

மூங்கில்துறைப்பட்டு
20.1.2025

அன்புத் தம்பி அந்தோணிக்கு,

அடித்துத் தருகிறேன். ஆனால் வக்கீலை எடுத்துவிடு. பாவம், அவர் செத்துப்போய் ஐந்து வருஷம் ஆகிறது, அவர் தலையில் ஏன் கட்டுகிறாய்? உன் பொய்யைக் கெடுப்பதற்கு மன்னித்துக்கொள். நான் நேற்றுக் கச்சிராயபாளையம் போய்விட்டு வந்தேன்.

தேதி பார்த்துப் போகவில்லை. முட்டி ஒத்துழைத்த நாள் நேற்றாக இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் 19 என்று தெரிந்தது.

சின்னராசு கடை வாசலில் நின்றார். சலவைச் சட்டை போட்டிருந்தார். ரங்கம்மாள் எனக்கு நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். “வக்கீல் இல்ல ரங்கம்மா. கோர்ட்ல பொய் சொன்னது நாந்தான். யாரும் சொல்லித் தரல. இவரு பேரு கெட்டது என்னால” என்றேன். நினைத்து வைத்திருந்த மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

ரங்கம்மாள் பாலை இறக்கி வைத்தாள். “ஒங்க தம்பின்னு சொன்னீங்க. நா இருந்தாலும் எந்தம்பிக்கு சொல்லியிருப்பேன்” என்றாள். நான் மூச்சு விடுவதற்குள், “ஆனா அடுத்த நாளே வந்து இவராண்ட சொல்லியிருப்பேன்” என்றாள். அது சரியான கணக்கு. நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒருவன் வண்டியில் வந்து, அணைக்கட்டு வாய்க்கால் பக்கம் கரும்பு கொளுத்தப் போகிறார்கள் என்றான். சின்னராசு துண்டை எடுத்துத் தோளில் போட்டார். இனி அவர் போக வேண்டியதில்லை, தூங்கவில்லை என்று தெரிந்துவிட்டதே என்று நான் நினைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “நீங்களும் வாங்கக்கா” என்றார்.

அவர் அந்த ஆளின் பின்னால் ஏறிப் போய்விட்டார். ரங்கம்மாள் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, என்னை அவளுடைய டிவிஎஸ் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டாள். அறுபத்து மூன்று வயதில் மொபெட்டில் வாய்க்கால் மேட்டில் போனேன் என்று அனிட்டாவிடம் சொல்லாதே, முட்டிக்கு ஆகாது என்று என்னை வீட்டை விட்டு விட மாட்டாள்.

வயல்காரன் தீப்பெட்டியோடு வரப்பில் நின்றான். சின்னராசு சரி என்று சொல்லாமல் அவன் குச்சியைத் தொடவில்லை. அவர் நாலு வரப்பும் நடந்தார். ஒவ்வொரு மூலையிலும் நின்று, மடங்காத இரண்டு கையையும் வாயருகே வைத்துக்கொண்டு கூப்பிட்டார். “உள்ள யாரு? கொளுத்தப் போறோம், வெளிய வா!” நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று ஆயிற்று. நாலு, ஐந்து. வயல்காரன், “போதும் சின்னராசு, யாரும் இல்ல” என்றான். அவர் காதில் வாங்கவே இல்லை. ஏழாவது முறை கூப்பிட்டபோது தோகை அசைந்தது. ஒரு அம்மாள், தைலம்மாளாம், தலையில் கொழுந்தாடைக் கட்டோடு வெளியே வந்தாள். “தோ வரேன், கட்டு கட்ட வேணாமா? இன்னா அவசரம் ஒங்களுக்கு?” என்று எல்லாரையும் திட்டிக்கொண்டே வரப்பேறினாள்.

சின்னராசு அவள் கட்டைச் சரிசெய்து விட்டார். பிறகு மறுபடி கூப்பிடப் போனார். இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார், பதில் இல்லை, போதும் என்று தலையாட்டினார்.

இதைக் கடைசி அத்தியாயத்தில் நீ எழுத வேண்டும். யார் சாட்சி என்று இளஞ்செழியன் கேட்டால் என் பேரைப் போடு. சின்னராசு ஒன்பது முறை கூப்பிட்டார். நான் வரப்பில்தான் நின்றேன். என் காதால் கேட்டேன்.

அன்புடன்,
அக்கா உபகாரமேரி